தொப்பியை எடுத்துக்கொண்டோம், கேள்வியை விட்டுவிட்டோம்

அண்மையில் கேகாலைப் பக்கத்தில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில் தோட்டத்து மக்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நம்மவர் ஒருவர் எழுந்து சொன்னார்: "அது அவங்கட பிரச்சினை. நமக்கு நம்மட பிரச்சினையே தலைக்கு மேல கிடக்குது." மண்டபத்தில் பலர் தலையசைத்தார்கள். அந்த மனிதரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் மனதில் இருந்ததைச் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் சண்டை அந்த வசனத்தோடுதான். 'அவங்கட' என்றும் 'நம்மட' என்றும் இத்தனை இலகுவாகப் பிரித்துப் பேச நமக்குக் கற்றுக்கொடுத்தது, நமது வரலாற்றை நாமே எழுதி வைத்திருக்கும் விதம்.

ஒரு பேரரசுக்கு வரி கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்வியை அமெரிக்காவை வைத்துத்தான் நமக்குப் படிப்பித்தார்கள். 1765இல் முத்திரை வரி. 1766இல், குடியேற்றநாடுகளை எல்லா விடயங்களிலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்குண்டு என்று பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய பிரகடனச் சட்டம். 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் வீசப்பட்ட தேயிலைப் பெட்டிகள். பிரதிநிதித்துவம் இல்லையேல் வரியும் இல்லை என்றார்கள், போரிட்டார்கள், வென்றார்கள். ஆனால் அந்தக் கோஷத்தை எழுப்பியவர்களின் பண்ணைகளில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளுக்கு (அவர்களில் கலிமா சொன்னவர்களும் இருந்தார்கள்) யார் பிரதிநிதி என்று பாடப்புத்தகம் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. வரிச் சண்டைகளில் எப்போதும் இப்படி ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறான். வாங்குகிறவனும் கொடுக்க மறுக்கிறவனும் மேடையில் நின்று வழக்காடுவார்கள். உண்மையில் சுமக்கிறவன் மேடைக்குக் கீழே நிற்பான். இலங்கையில் அந்த மூன்றாம் ஆளைத் தேடுகிறவர்கள் பொஸ்டனுக்குப் போகவேண்டியதில்லை. எட்டியாந்தோட்டைக்கோ இறக்குவானைக்கோ பஸ் ஏறினால் போதும்.

அமெரிக்காவில் பட்ட அடியிலிருந்து பேரரசு ஒரு பாடம் படித்திருந்தது. வட அமெரிக்க, மேற்கிந்தியக் குடியேற்றநாடுகளிடம் வருமானத்துக்காக வரி விதிப்பதில்லை என்று 1778இலேயே சட்டம் செய்தார்கள். ஆகவே இலங்கையில் லண்டன் நேரே கை நீட்டவில்லை. 1833இல் ஒரு சட்டநிரூபண சபையை அமைத்தார்கள். 9 பேர் உத்தியோகத்தர்கள். 6 பேர் உத்தியோகப்பற்றற்றவர்கள். இந்த 6 பேரும் தேசாதிபதி நியமித்தவர்கள். 3 ஐரோப்பியர், ஒரு சிங்களவர், ஒரு தமிழர், ஒரு பறங்கியர். உத்தியோகத்தர்கள் குடியேற்றநாட்டுச் செயலாளரின் கட்டளைப்படி கை உயர்த்தியாக வேண்டும். கை இங்கே இருந்தது. அதை அசைக்கும் கயிறு லண்டனில் இருந்தது. வரி 'உள்நாட்டில்' விதிக்கப்பட்டது என்று சொல்லிக்கொள்ள அது போதுமாயிருந்தது.

அந்தச் சபையின் அழகை 1848இல் பார்க்கலாம். அதற்கு முந்திய ஆண்டு கோப்பி விலை விழுந்து கஜானா காலியாகியிருந்தது. தோட்டத்துரைமாரோ கோப்பியின் ஏற்றுமதித் தீர்வையை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேசாதிபதி டொரிங்டன் சுமையைக் கிராமத்தின் தலையில் இறக்கினார். துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, வள்ளத்துக்கு வரி, கடைக்கு வருடம் 1 பவுண் வரி. அதற்குமேல் வீதிக் கட்டளைச் சட்டம்: 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்தில் 6 நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும். 1833இல்தான் இராஜகாரியம் ஒழிந்தது என்று சொல்லப்பட்டிருந்தது. பதினைந்து வருடத்தில் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. கண்டியிலும் மாத்தளையிலும் குருநாகலிலும் ஜனங்கள் எழுந்தார்கள். இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆந் திகதி சுடப்பட்டார். லண்டனில் விசாரணை நடந்து 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். இந்தக் கதையைச் சிங்களத் தேசியம் தன் கதையாக எழுதிவைத்திருக்கிறது. நாமும் அதை அவர்களிடமே விட்டுவிட்டோம். 1 பவுண் கடைவரி யாருடைய கடைக்கு விழுந்தது, தவளம் ஓட்டி மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் கொண்டுபோன சோனகர் அந்த வருடம் என்ன செய்தார்கள் என்று நம் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் தேடிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது 1864. இராணுவச் செலவை இலங்கை தன் வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்று லண்டன் கட்டளையிட்டது. உத்தியோகத்தர்களின் பெரும்பான்மையால் அது சபையில் நிறைவேறியது. உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் நவம்பரில் இராஜினாமாச் செய்தார்கள். ஜோர்ஜ் வோல் என்ற ஆங்கிலேய வர்த்தகரும் சார்ள்ஸ் லோரன்ஸ் என்ற பறங்கியரும் அவர்களில் முக்கியமானவர்கள். 1865இல் 'சிலோன் லீக்' தொடங்கியது. எங்கள் பணத்தை எங்கள் சம்மதமின்றி எடுக்காதே என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் வேலை செய்தவனின் உழைப்பிலிருந்தும், அவன் தின்ற அரிசிக்குக் கட்டிய சுங்கத்திலிருந்தும். அவனுடைய சம்மதத்தை லண்டனும் கேட்கவில்லை, லீக்கும் கேட்கவில்லை.

அதே 1864ஆம் ஆண்டு மாவனல்லையில் நடந்ததை இந்தப் பகுதியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இராஜகாரிய உழைப்பில் வெட்டப்பட்ட கண்டி வீதியில் வண்டிகளைக் கொள்ளையிட்டு வந்த உத்துவன்கந்த சரதியேல் மார்ச் 21ஆந் திகதி பிடிபட்டான். மே 7ஆந் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அவனோடு தூக்கில் தொங்கியவன் மம்மலே மரிக்கார். அவர்களைப் பிடிக்கப்போய் உயிர்விட்ட கான்ஸ்டபிள் சபான் ஒரு மலாய் முஸ்லிம். சரதியேல் பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்பது கர்ணபரம்பரை. அதில் எவ்வளவு உண்மை என்று நான் வாதிக்கமாட்டேன். நான் பார்ப்பது ஒன்றை மட்டும்தான்: அன்று மாவனல்லையில் துவக்கின் இரு பக்கத்திலும் நம்மவர்களே நின்றார்கள். பேரரசின் சட்டத்தைக் காத்தவரும் நாம். அதை மீறித் தூக்கில் போனவனும் நாம். நம் மேடைகள் சபானை மட்டும் நினைவுகூரும். மரிக்காரைப் பற்றிப் பேச நமக்கு வெட்கம்.

இனி அரிசிக்கு வருவோம். கண்டிய, கரையோரக் கிராமங்களில் விளைச்சலில் பத்தில் ஒன்று என்ற கணக்கில் நெல்வரி இருந்தது. 1878இன் சட்டத்தின்பின் அது பணமாகவே கேட்கப்பட்டது. கட்டாதவனின் வயல் ஏலத்தில் போனது. நமக்கு அடுத்த மலையான வலப்பனையில் வயலிழந்தவர்கள் பசியில் செத்தார்கள் என்று அரசாங்கத்துக்கே எழுதியவர் நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபர் சி.ஜே.ஆர். லெ மெசூரியர். இதே மனிதர் பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார், சேவையிலிருந்து நீக்கப்பட்டார், முடிக்குரியது என்று அரசு சொன்ன காணிகளைக் கிராமத்தவரிடமிருந்து வாங்கி அரசோடு வழக்காடினார். காடும் தரிசும் சேனையும் முடிக்குச் சொந்தம் என்று 1840இன் சட்டம் அனுமானித்தது. 1897இன் தரிசுநிலச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. அந்தச் சட்டங்களோடு ஓர் ஆங்கிலேயர், அதுவும் முஸ்லிமான ஆங்கிலேயர், மல்லுக்கு நின்றார். நம் சட்டத்தரணிகளுக்கு அவர் பெயர் தெரியும். எதற்காக? விவாகரத்து வழக்குக்காகவும் இரண்டாம் திருமணத்துக்காகவும். வலப்பனையை எந்த மௌலூது மேடையிலும் நான் கேட்டதில்லை.

நெல்வரியை ஒழிக்கும் சட்டம் 1892இல் வந்தது. 1864இல் இராஜினாமாச் செய்த ஜோர்ஜ் வோலே அதற்காகவும் வாதாடினார். ஆனால் இறக்குமதி அரிசியின் சுங்கம் தொடர்ந்தது. அந்த அரிசியைத் தின்றவர் யார்? தமிழ்நாட்டுப் பஞ்சத்திலிருந்து கங்காணியால் அழைத்துவரப்பட்டு லயத்தில் அடைக்கப்பட்டவர். சம்பளத்தில் கழித்துக்கொண்டு தோட்டம் அரிசி கொடுத்தது. துரைமார் அந்தச் சுங்கத்தை எதிர்த்தார்கள் என்பது உண்மை. அரிசி விலை ஏறினால் கூலியும் ஏறவேண்டி வரும் என்பதே அவர்கள் கவலை. வரியைப் பற்றி லண்டனும் கொழும்பும் துரைமாரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வரியோடு விலையான அந்த அரிசியைத் தின்றவனின் ஒரு வரி அதில் இல்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1876இல் எகிப்தின் கடனைக் காரணம் காட்டி அதன் வருமானத்தின்மேல் ஐரோப்பியர் ஓர் ஆணைக்குழுவை உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து எகிப்தின் வரவுசெலவைக் கட்டுப்படுத்தினார்கள். கமக்காரனிடமிருந்து பிடுங்கிய வரி கடன்காரனுக்குப் போனது. எகிப்து எகிப்தியருக்கே என்று எழுந்தவர் ஒறாபி பாஷா. 1882 செப்டெம்பரில் தல்-அல்-கபீரில் தோற்றார். 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். 1901 வரை இங்கே இருந்தார். அறிஞர் சித்திலெப்பைக்கும் வாப்பிச்சி மரைக்காருக்கும் அவர் தந்த ஊக்கத்தில் 1892இல் ஸாஹிறா உதித்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் அவர் எதற்காக நாடுகடத்தப்பட்டார் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? வரிக்காக. கடன்காரனுக்கு ஒரு நாட்டின் வரியை நிர்ணயிக்கும் உரிமை உண்டா என்ற கேள்விக்காக. அந்தக் கேள்வியோடு ஒருவர் நம் நடுவில் பதினெட்டு வருடங்கள் இருந்தார். நாமோ அவர் தலையிலிருந்த துருக்கித் தொப்பியை எடுத்துக்கொண்டோம்.

இது வெறும் கேலி அல்ல. 1889இல் சட்டநிரூபண சபையில் நமக்கென ஓர் ஆசனம் கிடைத்தது, எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் உயர்நீதிமன்றத்தில் தொப்பியோடு நிற்கக்கூடாது என்றபோது நம் சமூகம் கொதித்தெழுந்தது. மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. தொப்பி மானத்தின் கேள்வி. அதற்காக எழுந்தது சரியே. ஆனால் ஆங்கிலேயர் காலம் முழுவதும் நம் சமூகம் இவ்வளவு பேராக எழுந்தது எதற்காக என்று எண்ணிப் பாருங்கள். அடையாளத்துக்காக எழத் தெரிந்த நமக்கு அரிசிக்காக எழத் தெரியவில்லை. ஆசனமும் தொப்பியும் பேரரசு தரத் தயாராயிருந்த பொருள்கள். அவற்றால் அதன் கஜானாவில் ஒரு சதமும் குறையாது.

1915ஐயும் மறைக்காமல் பேசுவோம். கலவரத்தில் அடிபட்டவர்கள் நாம். கடை எரிந்தவர்கள் நாம். சப்ரகமுவவிலும் இராணுவச் சட்டம் வந்தது. நமக்கு நட்டஈடு கொடுக்க அரசு ஒரு கட்டளைச் சட்டம் செய்து, குற்றம் செய்தவன் செய்யாதவன் என்று பாராமல் அந்தந்தப் பகுதிச் சிங்களவர் மீது அறவிட்டது. நட்டஈடு நமக்குச் சேரவேண்டியதே. ஆனால் விசாரணையின்றி ஓர் ஊரையே தண்டிக்கும் வரி அநியாயம் என்று நம்மில் ஒருவராவது உரக்கச் சொல்லியிருந்தால், அடுத்த நூறு வருடத்தில் நம் அயலவரோடு நாம் பேசும் பாஷையே வேறாக இருந்திருக்கும். பொன்னம்பலம் இராமநாதன் சிங்களவருக்காகப் பேசினார் என்று இன்றும் கோபப்படுகிறோம். அவர் நம் காயத்தைப் பேசாமல் விட்டது தவறு. அரசின் அநியாயத்தை நாம் பேசாமல் விட்டதும் தவறு.

என் மூத்தவாப்பா களனிவெளியில் ஒரு தோட்டத்துக் கடைவீதியில் கடை வைத்திருந்தார். அவருடைய கடன் கொப்பி ஒன்று எங்கள் வீட்டில் நெடுங்காலம் கிடந்தது. மேலே தோட்டத்தின் பெயர், கீழே லயத்து இலக்கம், பிறகு ஆட்களின் பெயர். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், புகையிலை. சம்பள நாளில் கழித்தது, கழித்தபின்னும் நின்றது. நின்றது ஒருநாளும் தீர்ந்ததில்லை. மூத்தவாப்பா நல்ல மனிதர். சாவு வீட்டுக்குச் சாமான் அனுப்பிவிட்டு எழுதாமல் விட்டவர் என்று உம்மா சொல்லுவார். ஆனால் அந்தக் கொப்பியை இப்போது நினைக்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. பேரரசு துறைமுகத்தில் அரிசிக்கு எடுத்த சுங்கம் கடைசியில் எழுதப்பட்டது எங்கள் கொப்பியில்தான். கப்பலில் தொடங்கிய வரி லயத்து வாசலில் கடனாக முடிந்தது. அந்தக் கடைசிப் படியில் நாம் உட்கார்ந்திருந்தோம். 'அவங்கட பிரச்சினை' என்று சொல்லுகிறவர் இந்தக் கொப்பியை எங்கே ஒளிப்பார்?

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத்து மக்களுக்கு மட்டும் வதிவு, நிரந்தர நோக்கம் என்ற நிபந்தனைகள் வந்தன. 1946இல் கேகாலை மாவட்டத்தின் புலத்கொஹுபிட்டியப் பகுதியில் நேவ்ஸ்மையர் தோட்டத்தைக் கிராமத்தவரின் குடியேற்றத்துக்கென அரசு எடுத்தது. அங்கே வாழ்ந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள், அத்துமீறியவர்கள் என்று வழக்கு வந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸின் தொழிற்சங்கம் பெரும் வேலைநிறுத்தம் செய்தது. கவனியுங்கள்: அப்போது காணி அமைச்சு ஆங்கிலேயர் கையில் இல்லை; டி.எஸ். சேனநாயக்கவின் கையில் இருந்தது. கிராமத்தவன் காணியைப் பேரரசு பறித்தது. அதற்கான பரிகாரத்தைத் தோட்டத் தொழிலாளியின் முதுகில் அறவிட்டார்கள். பறித்த கம்பனிகள் கேள்விக்கு வெளியே நின்றன.

1947 தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையிலிருந்து ஒரு கவிஞரே, சி.வி. வேலுப்பிள்ளை, பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களை நாடற்றவர்களாக்கியது. பிறகு வாக்கும் போனது. அந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் நம் டி.பி. ஜாயா. நம் கல்விக்கு அவர் செய்த தொண்டு பெரிது. அந்த நன்றிக்காக இந்த உண்மையை விழுங்கவேண்டியதில்லை. 1949இன் சட்டத்தின் பெயர் 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்' சட்டம். கரையோரத்திலும் மலைநாட்டிலும் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் அதில் மாட்டினார்கள். நாமும் பாதிக்கப்பட்டோமே என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்லவருவதும் அதைத்தான். நமக்கும் அடி விழுந்த சட்டத்தையே நாம் 'அவங்கட பிரச்சினை' என்று எழுதிவைத்திருக்கிறோம்.

இங்கேதான் அமெரிக்கக் கோஷத்தைத் திரும்பக் கேட்கவேண்டும். சுதந்திர இலங்கையின் கஜானாவைப் பல்லாண்டுகள் தாங்கி நின்றது தேயிலையும் இறப்பரும் தெங்கும். தேயிலையின் ஏற்றுமதித் தீர்வை அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. அந்தக் கொழுந்தைப் பறித்தவளுக்கு வாக்கில்லை. பிரதிநிதித்துவம் இல்லாத வரி என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் உலகில் எங்கே உண்டு? அரசனும் கப்பலும் லண்டனுக்குப் போய்விட்டார்கள்; குடியேற்றநாடு மட்டும் தோட்டத்து எல்லைக்கல்லுக்குள் அப்படியே இருந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்குபோட்டார்கள். பங்குபோடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைக் கணக்கு முடிய 2003 வரை சென்றது.

அந்தப் பணத்தில் எழுந்தவற்றில் ஒன்று இலவசக் கல்வி. 1945இல் தொடங்கிய அதன் கதவால் நுழைந்தவர்கள்தான் நம் ஆசிரியர்கள், நம் எழுத்தாளர்கள், இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற நீங்களும் எழுதுகிற நானும். தோட்டப் பாடசாலைகளோ 1970கள் வரை அந்தக் கதவுக்கு வெளியே நின்றன. கொழுந்து பறித்தவளின் பிள்ளைக்கு ஓர் அறை, ஓர் ஆசிரியர். அவள் உழைப்பின் தீர்வையில் நமக்குக் கல்லூரி. நம்முடைய இலக்கியத்துக்கு யாருக்குக் கடன் இருக்கிறது என்று கேட்டால் இதுதான் பதில். மூத்தவாப்பாவின் கொப்பியில் இல்லாத கணக்கு இது. இதில் கடன்காரர் நாம்.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயம் லயமாகவே இருந்தது. இதற்கிடையில் 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து ஆள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். சபை அவருடைய லயத்துக்கு ஒரு படிக்கட்டுக் கட்ட முடியாது. 1948இல் வரி இருந்தது, வாக்கில்லை. இப்போது வாக்கு வந்தது, அதன் பலன் வரவில்லை. இந்தத் தடையைத் திருத்த 2018 வரை எடுத்தது. இடையில் 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியிலும் மலை சரிந்தது. புலத்கொஹுபிட்டியில் மண்ணுக்குள் போனவை களுப்பான தோட்டத்து லயங்கள். மழை சட்டம் பார்த்துப் பெய்யாது என்பது சரி. ஆனால் சரிவிலே லயம் கட்டி அதிலே மூன்று தலைமுறையை இருத்தி வைத்தது மழையல்ல.

நம் மார்க்கம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டை மட்டும் நினைவூட்டுகிறேன். முஆத் (ரலி) அவர்களை யெமனுக்கு அனுப்பியபோது நபிகளார் (ஸல்) காட்டிய நெறி: அந்த மக்களில் இருப்பவர்களிடம் எடுத்து அவர்களிலேயே இல்லாதவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது. எடுக்கும் இடமும் கொடுக்கும் இடமும் ஒன்று. இரண்டாவது, பலாதுரி பதிந்துவைத்த ஹிம்ஸ் நகரத்துச் செய்தி. யர்மூக் போருக்கு முன் அந்த நகரத்தைப் பாதுகாக்க இயலாமல் போனபோது, வாங்கிய வரியை முஸ்லிம் படை அந்நகரத்துக் கிறிஸ்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. காக்க முடியாதவனுக்கு வாங்க உரிமையில்லை என்பதே அதன் பொருள். பேரரசுக்கு வரி கேட்க உரிமை உண்டா என்று லண்டனிலும் பொஸ்டனிலும் கட்டுக்கட்டாக எழுதினார்கள். இந்த இரண்டு அளவுகோலும் நம் வீட்டில் இருந்தன. அவற்றை 1848க்கு வைத்துப் பார்த்தோமா? 1948க்கு வைத்துப் பார்த்தோமா? களுப்பானவுக்கு வைத்துப் பார்த்தோமா? ஸகாத்தைப் பற்றி ரமழானில் முப்பது பயான் செய்கிறோம். அரசின் வரியைப் பற்றி ஒரு குத்பாவும் இல்லை.

இன்றைக்கு நாடு முழுவதுமே ஒறாபி பாஷாவின் கேள்விக்கு முன்னால் நிற்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தோம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பட்டோம். 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானது. எகிப்தும் இலங்கையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இங்கே கையெழுத்திட்டது நம்முடைய அரசாங்கம், கடன் வாங்கியதும் நம்முடைய அரசாங்கங்கள். ஆனால் இந்த வரி வருமானம் பார்த்து வருவதில்லை. மாணிக்கக் கல் ஏற்றுமதி செய்கிற முதலாளியும் பால் வெட்டுகிற தொழிலாளியும் கடையில் ஒரே வீதத்தைக் கட்டுகிறார்கள். அரை நாள் பேரே போடப்படும் நாளில் லயத்து வீட்டுக்கு அது எவ்வளவு என்று நம் கடைக்காரர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

மாணிக்கம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இரத்தினபுரியில் நம்மவர்கள் தலைமுறைகளாகக் கல் வியாபாரம் செய்கிறார்கள். மாணிக்கக் குழியில் ஒரு வழக்கம் உண்டு: காணிக்காரனுக்குப் பங்கு, அனுமதிப்பத்திரக்காரனுக்குப் பங்கு, நீர் இறைக்கும் இயந்திரக்காரனுக்குப் பங்கு, குழியில் இறங்குகிறவனுக்கும் பங்கு. பங்கு சமமில்லை, ஏமாற்றும் நடக்கும். ஆனாலும் இறங்குகிறவனுக்குப் பங்குண்டு என்பதை எவனும் மறுப்பதில்லை. அதே மாவட்டத்தில், அதே மண்ணின் மேற்புறத்தில், ஒன்றரை நூற்றாண்டாகக் கொழுந்தெடுப்பவளுக்குப் பங்கென்ற சொல்லே கிடையாது. நாள் சம்பளம் மட்டும்தான். அவள் குடியிருக்கும் அறையின் உறுதிகூட அவள் பெயரில் இல்லை. பங்கின் நியாயம் தெரிந்த சமூகம் இதைப் பார்த்து எப்படி வாய்மூடி இருக்கிறது?

நாம் சிறுபான்மை, நம்மையே காத்துக்கொள்ள முடியாதபோது பிறருக்காக எப்படிப் பேசுவது என்பார்கள். நுவரெலியாவில் தோட்டத்து மக்களுக்கு எண்ணிக்கைப் பலம் உண்டு. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள், நம்மைப்போலவே. நம் கடைக்கும் பள்ளிக்கும் எதிரே சிங்களம் பேசும் அதே கூட்டம்தான் அவர்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் எதிரே இருக்கிறது. நாம் பேசுவதும் எழுதுவதும் அவர்கள் பேசும் தமிழ்தான். சிறுபான்மை சிறுபான்மைக்காகப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார் என்று எதிர்பார்க்கிறோம்? நமக்கு ஆபத்து வரும் நாளில் எந்த முகத்தோடு லயத்துக் கதவைத் தட்டுவோம்?

எழுத்தாளர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. கட்சி தொடங்கச் சொல்லவில்லை. நம் வீடுகளில் இன்னும் கிடக்கும் கடன் கொப்பிகளைத் தேடி எடுங்கள். தவளக்காரரின், கடைக்காரரின், தோட்டத்தில் வேலை செய்த முஸ்லிமின் கதையை எழுதுங்கள். மம்மலே மரிக்காரை எழுதுங்கள். வலப்பனையின் லெ மெசூரியரை எழுதுங்கள். ஒறாபி பாஷாவைப் பற்றி அடுத்த நினைவு மலர் போடும்போது தொப்பி அணிந்த படத்துக்குக் கீழே அவர் எதற்காக இங்கே வந்தார் என்பதை ஒரு வசனமாவது போடுங்கள். பேரரசை எதிர்த்தவர்களின் பட்டியலில் நம் பெயர் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள், பேரரசு விட்டுச்சென்ற எல்லைக்கல்லுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கட்டும்.

அந்தச் சந்திப்பு முடிந்து தேநீர் கொடுத்தார்கள். 'அவங்கட பிரச்சினை' என்றவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தோம். நல்ல சாயம். எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று அவர் கேட்டார். ஏற்பாட்டாளருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.